தச்சு வேலைக்கு டூல்ஸை எதில் தூக்கிப் போவது? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தச்சு வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் முதல் மாதக் கூலியில் ஆசைப்பட்டு வாங்குவது பெரும்பாலும் ஒரு இடுப்பு பெல்ட். வீடியோவில் பார்த்திருப்பார்கள், வெளிநாட்டுத் தச்சர் ஒருவர் இரண்டு பக்கமும் தோல் பை தொங்க நடந்து வந்து, பார்க்காமலே சுத்தியலை உருவி அடித்துவிட்டு பார்க்காமலே திரும்பச் செருகுவார். நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்றாம் நாள் அந்த பெல்ட் சைட்டில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் வழக்கம்போலத் தரையில் குந்தி உட்கார்ந்து உளி அடித்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட் மட்டமானது என்று சொல்லவில்லை, நல்ல பெல்ட்தான். ஆனால் அது நின்றுகொண்டே வேலை செய்கிறவருக்காகத் தைத்த சாமான். அமெரிக்காவில் மரச் சட்டங்களை நிறுத்தி, அதன் மேல் பலகை அடித்து வீடு கட்டுகிறார்கள், அங்கே சட்டம் அடிக்கிற தச்சர் நாள் முழுக்க நிற்பார், நடப்பார், ஏறுவார். அவருக்கு இடுப்பில் எல்லாம் இருப்பதுதான் வசதி. நம் ஊரில் பாதி வேலை தரையில் நடக்கிறது. பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அறுப்பது, கதவை மடியில் சாய்த்து வைத்துக் கீலுக்கு வெட்டுவது, பெட்டியைப் படுக்கப் போட்டு ஸ்க்ரூ ஏற்றுவது. இடுப்பில் மூன்று கிலோ தொங்கவிட்டுக்கொண்டு குந்திப் பாருங்கள், தெரியும். பை தொடையில் இடிக்கும், பெல்ட் வயிற்றை அழுத்தும், முன்பக்கம் செருகிய ஸ்க்ரூ டிரைவர் விலாவில் குத்தும், எழுந்திருக்கும்போது ஸ்க்ரூ எல்லாம் தரையில் இருக்கும்.

அதனால் எந்தப் பை நல்லது என்று கேட்பதற்கு முன்னால் நாளில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள், எவ்வளவு நேரம் படி ஏறுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பையை அதற்கு அப்புறம் தேடலாம்.

முதல் வேலை: மூன்று நாள் கோடு போடுங்கள்

ஒரு துண்டு ப்ளைவுட் எடுத்து அதில் உங்களிடம் இருக்கிற டூல்ஸ் பெயரையெல்லாம் எழுதிவிடுங்கள். எடுக்கும்போதெல்லாம் அதன் எதிரே ஒரு கோடு. மூன்று நாள் போதும். மேஸ்திரி சிரிப்பார், சிரிக்கட்டும்.

நான் போட்டுப் பார்த்த நாட்களில் ஒன்று லாஃப்ட்டுக்குக் கதவு மாட்டுகிற வேலை. டேப்புக்கும் பென்சிலுக்கும் கோடு போட இடம் போதவில்லை. பேட்டரி டிரில் அதற்கு அடுத்து. சுத்தியலை நாலு தடவை எடுத்திருக்கிறேன், முக்கால் இன்ச் உளியை இரண்டு தடவை. மரம் சீவுகிற இழைப்புளியை ஒரே தடவை, அதுவும் ஒரு கதவு ஓரம் உரசுகிறது என்று. குறடு, அரம், ஒன்றரை இன்ச் உளி, பெரிய ரம்பம் எல்லாம் நாலு மாடி ஏறி வந்து, சும்மா உட்கார்ந்துவிட்டு, நாலு மாடி இறங்கிப் போயின.

கோடு போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு நிறுவை. எனக்கு வந்தது 19 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ என்றால் அதில் முக்கால் பங்கை தினமும் நான் ஒரு தோளில் தூக்கியிருக்கிறேன்.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கனமாகத் தெரியாது. அரை கிலோ சுத்தியல் பிடியோடு சேர்த்தால் முக்கால் கிலோ பக்கம் வரும். 18 வோல்ட் பேட்டரி டிரில் பேட்டரியோடு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. நாலு இன்ச் கட்டிங் மெஷின் மூன்று கிலோ. ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ நூறு எண்ணினால் கால் கிலோ பக்கம், ஆனால் யாரும் நூறோடு நிறுத்துவதில்லை, பாக்கெட்டோடு பைக்குள் கொட்டுகிறோம்.

தூக்குவதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. நியோஷ் என்கிற அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்கில் 23 கிலோவை உச்சமாக வைத்தார்கள். அதுவும் பொருள் உடம்பை ஒட்டி இருந்து, இடுப்பு உயரத்தில், நல்ல பிடியோடு, உடம்பைத் திருப்பாமல் தூக்கினால்தான். பொருள் தள்ளிப் போகப் போக, கீழே இறங்க இறங்க, திரும்பத் திரும்பத் தூக்கத் தூக்க அந்த எண் குறைந்துகொண்டே வரும். சாக்குப் பையைத் தரையிலிருந்து ஒரு கையால் வெட்டி இழுத்துத் தோளில் போடுவது அந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மூன்றாகப் பிரியுங்கள்

கோடு அதிகம் விழுந்தவை உடம்பில். நடுத்தரமாக விழுந்தவை கை எட்டுகிற தூரத்தில். ஒன்றோ இரண்டோ விழுந்தவை வண்டியில், இல்லையென்றால் கீழே வாட்ச்மேன் ரூமில், தேவைப்பட்டால் இறங்கி எடுத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் ஒரே பை என்பது நடக்காத காரியம். கடைக்காரர் நாற்பது பாக்கெட் வைத்த பெரிய பையைக் காட்டி எல்லாம் இதில் அடங்கும் தம்பி என்பார். அடங்கும்தான், அதுதான் பிரச்சினையே. இடம் இருக்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருப்போம்.

தரையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு: சுருள் பையும் பெயின்ட் வாளியும்

உளிகளுக்கு சுருள் பையைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. விரித்தால் எல்லா உளியும் கண் முன்னால், சுருட்டினால் கைக்குள் அடங்கும். கடையில் வாங்கலாம், ஆனால் தைத்துக்கொள்வதுதான் நல்லது, ஏனென்றால் உங்கள் உளியின் நீளம் உங்களுக்குத்தான் தெரியும்.

துணி கித்தானாக இருக்க வேண்டும், லாரிக்கு மேலே போடுகிற கனமான பருத்திக் கித்தான். நீல நிற பிளாஸ்டிக் தார்பாய் வேண்டாம், உளி முனை பட்டதும் கோடாகக் கிழிந்துகொண்டே போகும், ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைக்கும். ரெக்சினும் அப்படித்தான், வெயிலில் ஒட்டும், வியர்க்கும். 24 இன்ச் நீளம், 24 இன்ச் உயரம் எடுங்கள். முதலில் தண்ணீரில் ஒரு தடவை நனைத்துக் காயப் போடுங்கள், தைத்த பிறகு சுருங்கினால் வம்பு. கீழிருந்து 7 இன்ச் மேலே மடித்தால் அதுதான் பாக்கெட். மீதி 17 இன்ச் நிற்கும். பிடியோடு 11 இன்ச் நீளமுள்ள உளியை அதில் நிறுத்தினால் தலைக்கு மேலே 6 இன்ச் துணி மிச்சம் இருக்கும், அதைப் பிடிகளின் மேல் கவிழ்த்துவிட்டுச் சுருட்டினால் எந்தப் பக்கம் தலைகீழாகப் பிடித்தாலும் உளி விழாது. இரண்டரை இன்ச்சுக்கு ஒரு தையல் ஓட்டினால் ஒன்பது அறை கிடைக்கும். கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றரை என்று ஐந்து உளி, ஒரு பென்சில் அறை, அப்புறம் ஒரு சின்ன அரம். மீதி இரண்டு அறையைக் காலியாக விடுங்கள், எப்படியும் ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உளியின் வாய், அதாவது வெட்டுகிற முனை, கீழே போகும், அதனால் பாக்கெட்டின் அடியில் உள்பக்கமாக ஒரு தோல் பட்டையை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பழைய தோல் செருப்பின் வார்கூடப் போதும். இது இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் ஒவ்வொரு அறையின் அடியிலும் ஒரு கீறல் விழுந்து, அதன் வழியாக உளி வெளியே எட்டிப் பார்க்கும். சாதாரண டெய்லரிடம் கொடுக்காதீர்கள், ஊசி உடையும், அவர் திட்டுவார். பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடையில் கொடுங்கள், அந்த மெஷினுக்கு இதெல்லாம் சாதாரணம், நைலான் நூலும் அங்கேயே இருக்கும்.

அப்புறம் வாளி. 20 லிட்டர் பெயின்ட் வாளி எந்த சைட்டிலும் கிடக்கும், பெயின்டர் அண்ணனிடம் கேட்டால் காலியானதை சும்மாவே கொடுப்பார். கழுவிவிட்டு அதில் சுத்தியல், உளியை அடிக்கிற கொட்டாப்புளி, குறடு, டிரில், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டம் எல்லாம் நிறுத்தி வையுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் பிடி தட்டுப்படும், தேட வேண்டாம். இடம் மாறும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு போகலாம், காலி செய்து கவிழ்த்தால் ஸ்டூல்.

இதற்கு ஒரு குறை உண்டு, சின்னச் சாமான் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். டிரில் பிட்டைத் தேடி முழங்கை வரை கைவிட்டு, கீறிக்கொண்டு எடுத்திருக்கிறேன். அதனால் பிட்டும் ஸ்க்ரூவும் தனித்தனி டப்பாவில் போடுங்கள், மூடி இறுக்கமாக இருக்கிற பழைய டிபன் டப்பா போதும், மேலே எந்த ஸ்க்ரூ என்று ஒன்றை டேப்பால் ஒட்டிவிட்டால் திறந்து பார்க்கவே வேண்டாம். கனம் கூடினால் ஒரு வாளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கையிலும் பிடியுங்கள். ஒரு கையில் 12 கிலோ தூக்கி நடந்தால் உடம்பு மறுபக்கம் சாயும், இரண்டு கையிலும் ஆறு ஆறாகப் பிடித்தால் நேராக நடக்கலாம். தண்ணீர்க் குடம் சுமக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏணியிலும் சாரத்திலும்: இங்கேதான் பெல்ட்

ஆணியில் தொங்கிய பெல்ட்டை நான் திரும்ப எடுத்தது சீலிங் வேலைக்குப் போனபோது. ஏணி மேல் நிற்கிறவருக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கீழே இருக்கிற பையனைப் பார்த்து டேப் போடு, பிட் போடு என்று கத்திக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போகும், மேலிருந்து ஏதாவது அவன் தலையிலும் விழும். வாயில் ஆணியைக் கவ்விக்கொள்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஒரு தும்மல் வந்தால் உள்ளே போய்விடும், ஏணி மேல் அது வேண்டவே வேண்டாம்.

பெல்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது:

பட்டை குறைந்தது இரண்டு இன்ச் அகலம் இருக்கட்டும். பேன்ட்டுக்குப் போடுகிற மெல்லிய பெல்ட்டில் பையைக் கோர்த்தால் கனம் முழுவதும் ஒரே கோட்டில் இறங்கி, சாயங்காலம் இடுப்பில் சிவப்பாகத் தடம் இருக்கும். பெல்ட் உட்கார வேண்டிய இடம் வயிறு இல்லை, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படுகிற இடுப்பெலும்பு. அந்த எலும்பின் மேல் உட்கார்ந்தால் கனம் காலுக்கு இறங்கிவிடும்.

லுங்கியின் மேல் பெல்ட் கட்டாதீர்கள். கட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், கனத்தில் பெல்ட் இறங்கும்போது லுங்கியும் கூடவே இறங்கும், நீங்கள் அந்த நேரம் ஏணி மேல் இருப்பீர்கள்.

வலது கைக்காரர் என்றால் கையில் பிடிக்கிற டூல்ஸ் வலப்பக்கம், ஸ்க்ரூவும் ஆணியும் இடப்பக்கம். இடக்கை ஸ்க்ரூவை எடுக்கும், வலக்கை டிரில்லைப் பிடிக்கும், இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போக வேண்டியதில்லை. இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள், இடமும் வலமும் தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிற பையாகப் பார்த்து வாங்கினால் அதற்கு வசதி. முதுகுத்தண்டுக்கு நேராக எதையும் தொங்கவிடாதீர்கள், குனிந்தால் குத்தும், பின்னால் சாய்ந்து விழுந்தால் நேராக அங்கேதான் அடிபடும்.

மொத்தக் கனம் மூன்று கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், இது என் உடம்புக்கு. தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தோளில் மாட்டுகிற பட்டை வைத்த பெல்ட்டாக வாங்குங்கள், கனம் தோளுக்கும் இடுப்புக்கும் பிரிந்துவிடும், பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டிய தேவையும் குறையும். நம் வெயிலில் அந்தப் பட்டை தோளில் வியர்க்கும் என்பது உண்மைதான், எனக்கு மே மாதத்தில் பிடிக்காது.

வீட்டுக்குள்ளே முடிக்கிற வேலையில் இந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். புதிதாக சன்மைக்கா ஒட்டிய அலமாரி பக்கம் நான் திரும்பினேன், இடுப்பில் தொங்கிய சுத்தியலின் பிடி ஒரு கோடு இழுத்தது, ஒரு முழ நீளம். அந்தக் கதவு முழுவதும் மாற்றிக் கொடுத்தேன், என் செலவில். அதன் பிறகு சமையலறை, அலமாரி வேலைக்கெல்லாம் ஒரு சின்னத் துணிப்பை மட்டும்தான் இடுப்பில், அதில் டேப், பென்சில், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்துப் பதினைந்து ஸ்க்ரூ.

பட்டறையில் நின்று வேலை செய்தால்

ஏப்ரன் போதும். மேசை மேல் எல்லாம் கிடக்கிறபோது உடம்பில் எதற்கு? பென்சில், டேப், சின்ன மூலைமட்டம், அவ்வளவுதான். கழுத்தில் மட்டும் மாட்டுகிற ஏப்ரனை வாங்காதீர்கள், நாலு மணிக்கெல்லாம் பிடரி வலிக்கும், முதுகில் குறுக்காகப் போகிற பட்டை வைத்தது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: சுற்றுகிற மெஷின் பக்கம் போகும்போது ஏப்ரன் கயிறோ பெல்ட் வாரோ தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பிடித்து இழுத்தால் மனிதனால் திரும்ப இழுக்க முடியாது. நுனியை உள்ளே செருகுங்கள், நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள்.

வீட்டிலிருந்து சைட்டுக்கு

வண்டி எது என்பதைப் பொறுத்தது இது. டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், சீட்டுக்கு முன்னால் இருக்கிற தட்டில் ஒரு பெட்டியை வைத்து ரப்பர் கயிறு போட்டால் முடிந்தது, கனம் கீழே இருப்பதால் வண்டியும் ஆடாது. மற்ற பைக்கில் முதுகுப் பைதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். அரை மணி நேர ஓட்டம் என்றால் சரி. சென்னையில் பாரிமுனையிலிருந்து ஓஎம்ஆர் கடைசி வரைக்கும் 12 கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு சிக்னலுக்கு சிக்னல் நின்று போனால், வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே தோள் முடிந்துவிடும். பையைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்துக் கட்டுங்கள். கட்டும்போது உளியும் ரம்பமும் உங்கள் முதுகைப் பார்க்காதபடி, பிரேக் போட்டால் முன்னால் வரும் என்று நினைத்துக் கட்டுங்கள். ரம்பத்தைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு போவது, நெரிசலில் பக்கத்தில் வருகிறவரின் கையை அறுக்க ஏற்பாடு செய்வது மாதிரி.

முதுகுப் பையின் உண்மையான பயன் படியில்தான். பாதி கட்டிய அடுக்குமாடியில் லிஃப்ட் இருக்காது, இருந்தாலும் நமக்கு விடமாட்டார்கள். இரண்டு தோளிலும் மாட்டி ஏறினால் ஒரு கை சுவரைப் பிடிக்கக் காலியாக இருக்கும். கனமானது எதுவோ அதை முதுகை ஒட்டி வையுங்கள். டிரில்லை வெளிப் பாக்கெட்டில் போட்டால் பை பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் முன்னால் வளைவீர்கள். அடிப்பாகம் கெட்டியாக, தானாக நிற்கிற பையாக இருக்கட்டும், தொளதொளவென்று சாய்கிற பையில் ஒவ்வொன்றையும் எடுக்கக் குனிந்து தேட வேண்டும்.

சக்கரம் வைத்த பெட்டி பார்க்க நன்றாக இருக்கும். மணல், ஜல்லி, கம்பித் துண்டு கிடக்கிற சைட்டில் அதைத் தள்ள முடியாது, படியில் தூக்கத்தான் வேண்டும், அப்போது பெட்டியின் கனமும் சேர்ந்துகொள்ளும். டைல்ஸ் போட்டு முடித்த வீடுகளில் மட்டும் வேலை செய்கிறவர் வாங்கலாம்.

கைப்பை எதுவானாலும் பிடியைப் பாருங்கள். மெல்லிய நைலான் பட்டை விரலை அறுக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் கீறி, பட்டையின் மேல் கவ்வவிட்டு டேப் சுற்றினால் கை நிறையப் பிடி கிடைக்கும், செலவும் இல்லை. அதே பைப்பில் இன்னொரு துண்டை நீளமாக வெட்டி ரம்பத்தின் பல்லுக்கு மாட்டிவிடுங்கள், பல்லும் மழுங்காது, பையும் கிழியாது.

உள்ளே எது எப்படிப் படுக்க வேண்டும்

உளியை பேன்ட் பாக்கெட்டில் செருகாதீர்கள், முன்பாக்கெட்டிலும் சரி பின்பாக்கெட்டிலும் சரி. தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, குந்தும்போது வாய் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரி இதற்காக மட்டும்தான் என்னை அடித்திருக்கிறார்.

இழைப்புளியின் தகட்டை உள்ளே இழுத்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும். கிடைமட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்குப் பழைய பேன்ட் காலை வெட்டி ஒரு உறை. மூலைமட்டத்தைக் கனமானவற்றின் அடியில் போடாதீர்கள், பை ஒரு தடவை கீழே விழுந்திருந்தால் நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு, இரண்டும் ஒன்றாக விழுகிறதா என்று பாருங்கள். ரசமட்டத்தையும் அதே மாதிரி முனை மாற்றி வைத்துப் பார்க்கலாம், குமிழி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

பேட்டரியைத் தனியாகக் கழற்றி ஆணி, ஸ்க்ரூவோடு போடுவது ஆபத்து. ஒரு ஸ்க்ரூ இரண்டு முனையையும் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிச் சூடாகும், தீயும் பிடிக்கும். வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்திருந்தால் முனைகளின் மேல் டேப் ஒட்டுங்கள். வண்டிப் பெட்டியில் வைத்து நாள் முழுக்க வெயிலில் விடாதீர்கள்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள் என்பதால்: விமானத்தில் டூல்ஸ் எல்லாம் செக்-இன் லக்கேஜில் போட வேண்டும், உளியையும் ரம்பத்தையும் கைப்பையில் விடமாட்டார்கள். பேட்டரி நேர்மாறு. தனியாக இருக்கிற லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம், 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். கணக்கு சுலபம், வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90, தப்பித்தீர்கள். அதே 18 வோல்ட்டில் 6 என்றால் 108, கேட்டுவிட்டுப் போங்கள்.

கடலோர ஊர்களில் துரு இன்னொரு தொல்லை. நனைந்த பையை மூடியபடி இரவு முழுக்க விட்டால் காலையில் உளியின் மேல் செம்மண் நிறத்தில் பூத்திருக்கும். மழை நாளில் வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துவிட்டால் போதும். அலுப்பாகத்தான் இருக்கும். துருவேறிய உளியைக் காலையில் சாணைக்கல்லில் தேய்ப்பது அதைவிட அலுப்பு.

கடையில் நிற்கும்போது

வெறும் பையை மாட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. உங்கள் டூல்ஸைக் கொண்டுபோய் அதில் போட்டுப் பாருங்கள், நல்ல கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். மாட்டிக்கொண்டு குந்துங்கள், எழுந்திருங்கள், கடைக்குப் படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு டேப்பை எடுத்துத் திரும்ப வையுங்கள், தடுமாறினால் அந்தப் பாக்கெட் தப்பான இடத்தில் இருக்கிறது. பட்டை பையோடு சேருகிற இடத்தில் தையலைப் பாருங்கள், பெட்டி மாதிரி சதுரமாகத் தைத்து உள்ளே குறுக்குத் தையல் ஓட்டியிருந்தால் நிற்கும், ஒற்றைக் கோடு என்றால் மூன்று மாதம். ஜிப் சின்னதாக இருந்தால் மரத்தூள் ஏறி நிற்கும். வெளியே கறுப்பாக இருக்கிற பையில் உள்பக்கமும் கறுப்பாக இருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, உள்ளே வெளிர் நிறமாக இருப்பது நல்லது. முதல் பையை விலை கூட்டி வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் உங்கள் வேலை எது என்று தெரியும், அப்போது நல்லதாக வாங்கலாம்.

சாயங்காலம் கிளம்பும் முன்

ஒவ்வொரு டூலுக்கும் ஒரு அறை இருந்தால் எண்ண வேண்டியதே இல்லை, காலியாக இருக்கிற அறையே சொல்லிவிடும். இது தெரியாத காலத்தில் என் அரை இன்ச் உளி ஒன்று ஒரு அலமாரியின் அடிக் கட்டைக்குள் போய், மேலே பலகை அடித்து, சன்மைக்கா ஒட்டி, வீட்டுக்காரர் குடியும் வந்துவிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இத்தனையும் செய்தாலும் பை மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டேதான் போகும். அதற்கு எனக்கு வாய்த்த நாள் ஆயுத பூஜை. எப்படியும் அன்றைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து வரிசையாக அடுக்குகிறோம், பூஜை முடிந்து எடுத்து வைக்கும்போது அந்த வருடம் கையே படாதது எதுவோ அது திரும்பப் பைக்குள் போகாது, வீட்டு அலமாரிக்குப் போகும். போன வருடம் வெளியே வந்தவை: இரண்டாவது குறடு ஒன்று, வாய் தேய்ந்த மூன்று ஸ்க்ரூ டிரைவர், எந்தப் பூட்டுக்கும் சேராத நாலு சாவி, அரை கிலோவுக்குக் குறையாத வளைந்த ஆணி, அப்புறம் யாருடையது என்றே தெரியாத ஒரு கொலுறு, அதாவது கொத்தனார் கரண்டி. மேஸ்திரிமார் யாராவது தேடிக்கொண்டிருந்தால் அந்தக் கரண்டி என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.